மலிவு விலை மலைமிதிவண்டி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அந்தமானின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்துச் சாலைகள் ஏற்ற இறக்கம் மிக்கவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை, காற்றில் எப்போதும் உப்பு. இங்குப் பிள்ளைக்கு மிதிவண்டி வாங்குவோரைப் பல்பொருள் அங்காடிகளில் நிற்கும் மலிவான ‘மலைவண்டி’ எளிதில் ஈர்த்துவிடுகிறது. தடித்த டயர், கியர், முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி எனத் தோற்றத்திற்குக் குறைவில்லை.

முதலில் பிரேக்கைக் கவனியுங்கள். மலிவு வண்டிகள் பலவற்றில் சக்கர ரிம், குரோம் பூசிய இரும்பாகும். அது நனைந்தால் பிரேக்கின் ரப்பர் கட்டை வழுக்கும். உலர்ந்த நாளில் நிற்கும் தொலைவைப்போல் பல மடங்கு ஓடிய பிறகே வண்டி நிற்கும். இறக்கத்தில் அது பேராபத்து. அலுமினிய ரிம்மில் இக்குறை மிகக் குறைவு. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு.

பின்புற அதிர்வுதாங்கியோ பெரும்பாலும் வெறும் சுருள்வில். எடையைக் கூட்டி, மிதிக்கும் விசையையும் விழுங்கும்.

வண்டி பெட்டியில் பாதி பூட்டிய நிலையில்தான் வருகிறது. மிதிவண்டிக் கடையில் மெக்கானிக் சக்கரத்தின் கோணலை நீக்கி, பிரேக் கம்பியைச் சரிசெய்து தருவார். பிற கடைகளில் முன் ஃபோர்க்கையே பின்புறமாகத் திருப்பிப் பூட்டிவிடுவதும் உண்டு! உதிரிபாகம் கடல் கடந்து வரவேண்டிய தீவில் இப்பிழைகளின் செலவு பெரிது.

2018 ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்ற அந்தமான் வீரர் ஈசோ ஆல்பென் ஓட்டிய பந்தய வண்டிக்கு ஒரே பல்சக்கர விகிதம்தான். அதே தொகைக்கு, அலுமினிய ரிம் கொண்ட, கியரில்லாத எளிய வண்டியை மிதிவண்டிக் கடையில் கேளுங்கள். முதல் மாதப் பராமரிப்பு விலையில் அடங்குமா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.