மலைப் பள்ளத்தாக்கில் 40 கிலோமீட்டர் சைக்கிள்... முழங்கால் தாங்குமா?

"தம்பி, ஒரு சந்தேகம். 56 வயசுல சைக்கிள் ஓட்டினா முட்டி என்ன ஆகும்?"

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கும் அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இப்படிக் கேட்டார். நான் பிசியோதெரபி பார்ப்பவன் என்பதால், முட்டி, முதுகு, கழுத்து சம்பந்தப்பட்ட எல்லாக் கேள்விகளும் படியேறி என் வீட்டுக்குத்தான் வரும்.

விஷயம் இதுதான். அக்காவின் மகன் ஜெர்மனியில், மியூனிக் நகரில் வேலை பார்க்கிறார். "அம்மா, ஜூன்ல வாங்க. உன்னையும் அப்பாவையும் ஆல்ப்ஸ் மலையில ஒருநாள் சைக்கிள்ல கூட்டிட்டுப் போறேன். கார், லாரி தொல்லை கிடையாது, பெரும்பாலும் இறக்கம்தான்" என்று போனில் சொல்லிவிட்டார். அக்கா சைக்கிளை விட்டது பத்தாம் வகுப்பில். கணவருக்கு 61 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். "மலையில சைக்கிளா? விளையாடறானா இவன்?" என்பது அவருடைய கட்சி.

மலை என்றால் நமக்கு ஹேர்பின் வளைவும் மூச்சு வாங்குகிற ஏற்றமும்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் மகன் சொன்ன பாதை மலை மேலே ஏறுவதில்லை. இரண்டு மலைத் தொடர்களுக்கு நடுவே, ஆற்றங்கரையை ஒட்டிப் போகிறது. இத்தாலியின் வடகோடியில், தெற்கு டிரோல் பகுதியில், டோப்லாஹ் என்று ஓர் ஊர். அதன் அருகே டிராவ் என்ற ஆறு பிறக்கிறது. அங்கே ஒரு வேடிக்கை உண்டு. டோப்லாஹ் சமவெளிதான் நீர் பிரியும் இடம். மேற்கே ஓடும் தண்ணீர் ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. கிழக்கே ஓடும் டிராவ், டான்யூபில் கலந்து கருங்கடலுக்குப் போகிறது. அந்த டிராவ் ஆற்றோடு சேர்ந்தே சைக்கிள் பாதையும் இறங்கி, எல்லை தாண்டி, ஆஸ்திரியாவின் லீயென்ஸ் நகரத்துக்கு வருகிறது. (டிக்கெட் எடுக்கும்போது கவனம். லின்ஸ் என்று வேறொரு பெரிய ஊரும் ஆஸ்திரியாவில் இருக்கிறது!)

பக்கத்து ஊரான இன்னிஹெனில் இருந்து லீயென்ஸ் வரை சுமார் 40 கி.மீ. இன்னிஹென் கடல் மட்டத்திலிருந்து 1,175 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லீயென்ஸ் 673 மீட்டரில். அதாவது 40 கி.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய 500 மீட்டர்தான் இறக்கம். 100 மீட்டருக்குச் சராசரியாக ஒன்றேகால் மீட்டர். நம் ஊட்டி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறுகிறது. வித்தியாசம் புரிகிறதா?

இது எப்படிச் சாத்தியம் என்றால், மலை நாட்டில் மிகச் சாதுவான வழியை முதலில் கண்டுபிடிப்பது ஆறு. அடுத்தபடியாக ரயில்காரர்கள். செங்குத்தாக ஏற ரயிலால் முடியாது அல்லவா! 1871-ல் இந்தப் பள்ளத்தாக்கில் போட்ட ரயில் பாதை இன்றும் ஆற்றோடு ஒட்டித்தான் ஓடுகிறது. சைக்கிள் பாதையும் பெரும்பாலும் அதே வழியில்தான் போகிறது. இன்னொரு உதாரணம், டோப்லாஹிலிருந்து டோலமைட் மலைகளுக்குள் கோர்டினாவுக்குப் போன குறுகிய ரயில் பாதை. 1964-ல் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அந்தத் தடத்தையே சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதில் முதல் பாதி ஏற்றம், மண்ணும் சரளையுமான தரை. முதல் முறை போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

"வண்டியே வராதா?" என்று அக்கா இரண்டு முறை கேட்டார். முழுக்க வராது என்று சொன்னால் அது பொய். பெரும்பகுதி தனிப் பாதை. நடுநடுவே கிராமத்துத் தெரு வரும், விவசாயிகளின் டிராக்டர் வரும். அதோடு, கோடையில் குடும்பம் குடும்பமாக ஆயிரக்கணக்கான சைக்கிள்கள். அங்கே வலது பக்கமாகப் போக வேண்டும் என்பதை மறந்தால் எதிரே வருகிற குழந்தை மேல்தான் மோதுவோம்.

சீட் உயரம்தான் சகலமும்!

இப்போது முட்டி விஷயத்துக்கு வருவோம். சைக்கிளில் உடம்பின் எடையில் பெரும்பகுதியை சீட் தாங்கிக்கொள்கிறது. அதனால் மூட்டுத் தேய்மானம் ஆரம்பித்தவர்களுக்குக்கூட, படி ஏறி இறங்குவதைவிட, சமதரையில் சைக்கிள் மிதிப்பது இலகுவானது. தொடைத் தசை வலுவாகும். தசை வலுவானால் மூட்டின் மேல் விழும் பாரம் குறையும்.

ஆனால் ஒரு நிபந்தனை. சீட் தாழ்வாக இருக்கக் கூடாது. நம்மில் முக்கால்வாசிப் பேர் சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு, முட்டி நெஞ்சுக்கு வருகிற மாதிரி மிதிக்கிறோம். முட்டி அதிகமாக மடங்கின நிலையில் அழுத்தினால், முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். "சைக்கிள் ஓட்டினேன், முட்டி வலி வந்துடுச்சு" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது சீட் உயரத்தைத்தான்.

சரியான உயரத்துக்கு ஒரு சுலபமான வழி. சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கிற பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு, மிதிக்க வேண்டிய முறைப்படி, பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்படி வெச்சா எனக்குக் கால் தரையில எட்டாதே! விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா யார் பாக்கறது?"

நியாயமான பயம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவதால், சாதாரணமாக விழுந்தாலே எலும்பு முறிய வாய்ப்பு உண்டு. முட்டிக்கு உயரமான சீட் வேண்டும், மனசுக்கோ தாழ்வான சீட் வேண்டும்! நாங்கள் செய்தது இது. முதல் வாரம் சீட்டைத் தாழ்த்தி, பெடலையே கழற்றிவிட்டு, இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளிப் போகச் சொன்னேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள கார் பார்க்கிங்கில், காலை ஐந்தரை மணிக்கு, யாரும் பார்க்காத நேரத்தில். சமநிலை பழகியதும் பெடலை மாட்டினோம். வாரத்துக்கு அரை அங்குலமாக சீட்டை ஏற்றினோம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும், உட்கார்ந்தபடியே எட்டிப் பிடிக்கப் பார்க்கக் கூடாது. இந்த ஒரு வித்தை வந்ததும் அவருடைய பயம் பாதி போய்விட்டது. நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்தான் எடுக்க வேண்டும் என்று மகனிடமும் சொல்லி வைத்தார்.

அடுத்தது கியர். கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிப்பது வீரம் இல்லை, முட்டிக்குச் செய்கிற துரோகம். லேசான கியரில், நிமிடத்துக்கு 70 சுற்று மாதிரி, சலங்கை கட்டின கால் போல ஓட வேண்டும். 15 நிமிடத்தில் ஆரம்பித்து ஆறு வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு வந்தார்கள் இருவரும்.

கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டியவர்களும் உண்டு. படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறவர்கள், மயக்கம் வருகிறவர்கள், சர்க்கரையால் கண்ணின் விழித்திரை பாதித்தவர்கள், பாதம் மரத்துப் போனவர்கள். இவர்கள் மகன் கூப்பிட்டான் என்று உடனே கிளம்பிவிடக் கூடாது.

வேஃபர் கடையில் சாப்பிடாத மனிதர்

அந்தப் பாதையில் ஹைன்ஃபெல்ஸ் என்ற ஊரில் லோக்கர் வேஃபர் தொழிற்சாலையும், அதை ஒட்டி ஒரு கடையும் இருக்கின்றன. சைக்கிளில் போகிறவர்களில் பலர் அங்கே நின்றுவிட்டுத்தான் போவார்கள். எங்கள் சாரும் நின்றார். ஆனால் வேஃபரைத் தொடவில்லை. "சர்க்கரைக்காரன் நான், இதெல்லாம் வேண்டாம்" என்று சர்க்கரையில்லாத காபியோடு எழுந்துவிட்டார். காலையில் கிளிமிபிரைடு மாத்திரை போட்டிருக்கிறார். அவசரத்தில் டிபன் பாதிதான் சாப்பிட்டிருக்கிறார்.

முக்கால் மணி நேரம் கழித்து மனிதர் காரணமே இல்லாமல் மகன்மேல் எரிந்து விழுந்திருக்கிறார். குளிர்ந்த காற்றிலும் நெற்றியில் வியர்வை. ஹேண்டில் ஆடியிருக்கிறது. அக்காவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "என்னங்க, நிறுத்துங்க. முதல்ல இதைக் குடிங்க" என்று பழரசப் பாட்டிலைக் கையில் திணித்து, கால் மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு குளுக்கோமீட்டரில் பார்த்து, ரொட்டி கொடுத்தார். சார் பழையபடி ஆனார். சாலையில் அல்ல, இறக்கத்தில் வேகமாகப் போகும்போதும் அல்ல, சமதரையில், லாரி வராத பாதையில் இது நடந்தது அதிர்ஷ்டம்.

சர்க்கரை நோயாளி இனிப்பைத் தொடக் கூடாது என்பது வீட்டில் இருக்கும்போது சரி. இரண்டு மூன்று மணி நேரம் மிதிக்கும்போது தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் தாழ்சர்க்கரை அபாயம் உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது அபூர்வம். அன்றைய மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கிளம்பும் முன் ஒரு முறை, வழியில் ஒரு முறை ரத்தச் சர்க்கரை பாருங்கள். மணிக்கொரு தரம் கொஞ்சம் சாப்பிடுங்கள். 15 கிராம் குளுக்கோஸ் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், பின்னால் மாட்டியிருக்கும் பைக்குள் அல்ல! படபடப்புதான் எச்சரிக்கை மணி. ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மணி அடிக்காமலே போகலாம். அவர்கள் வியர்வையைக் கவனிக்க வேண்டும். அன்றிரவு தூங்கும் முன்னும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது, இறக்கம் தாமதமாகவும் வரும்.

பிரேக் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் ஊர் சைக்கிளில் வலது கைதான் முன் பிரேக். அங்கே பெரும்பாலும் இடது கை. பழக்கதோஷத்தில் இடது கையை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் நின்று ஆளைத் தூக்கிப் போடும். சில சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கம் மிதித்தாலும் பிரேக் விழும். வாடகைக்கு எடுத்ததும் கடை வாசலிலேயே நாலு சுற்று சுற்றிப் பாருங்கள். ஆப்ஃபால்டர்ஸ்பாஹ் ஊரைத் தாண்டியதும் காட்டுக்குள் இறக்கம் கொஞ்சம் கூடும். அங்கே இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும்.

காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். வெயில் அடிக்கும் நாட்களில் மலைச்சரிவு சூடாகி, மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலாகக் காற்று வீசும். இறங்குகிறவர்களுக்கு அது எதிர்க்காற்று. இறக்கத்திலும் மிதிக்க வைத்துவிடும். காலையில் குளிரும் என்பதால் ஸ்வெட்டருக்கு மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்று போடுங்கள். இறக்கத்தில் கால் வேலை செய்யாது, உடம்பு சூடாகாது. துப்பட்டா வேண்டவே வேண்டாம், சக்கரத்தில் சுற்றும். பேன்ட் நுனிக்கு கிளிப். தலைக்கு ஹெல்மெட். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள். பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள். இத்தாலியும் ஆஸ்திரியாவும் 1998 முதல் எல்லைச் சோதனையைக் கைவிட்டாலும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். அவசரத்துக்கு இரண்டு நாட்டிலும் 112.

அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போனது எது தெரியுமா? மலையும் இல்லை, ஆறும் இல்லை. வழி நெடுக ரயில் நிலையங்கள்! சில்லியான், ஆப்ஃபால்டர்ஸ்பாஹ், மிட்டெவால்ட், தால் என்று வரிசையாக இருக்கின்றன. முடியவில்லை என்றால் அடுத்த ஸ்டேஷனில் சைக்கிளோடு ஏறிவிடலாம். பராமரிப்பு வேலைக்காகச் சில மாதங்கள் ரயிலை நிறுத்திவிட்டுப் பஸ் விடுவதும் உண்டு. அதைக் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். சில்லியானில் நிறுத்திவிடலாம் என்றுதான் சார் முதலில் சொல்லியிருந்தாராம். "மிட்டெவால்ட் வரைக்கும் பாக்கலாம்னு சொன்னேன், அங்க போனதும் லீயென்ஸ் வரைக்கும் பாக்கலாம்னு அவரே சொன்னார் தம்பி" என்றார் அக்கா.

சைக்கிளை லீயென்ஸிலேயே திருப்பிக் கொடுக்கிற வாடகைக் கடைகள் உண்டு. அப்படி எடுத்தால் ஆகஸ்ட் மாதத்து மாலைக் கூட்டத்தில் ரயிலில் சைக்கிளோடு முண்டியடிக்க வேண்டாம். மறுநாள் முட்டி எப்படி இருந்தது என்று கேட்டேன். முட்டி பேசவே இல்லையாம். உள்ளங்கையும் சுண்டு விரலும்தான் இரண்டு நாள் மரத்திருந்தன. ஹேண்டிலை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் மணிக்கட்டு நரம்பு நசுங்கி இப்படி ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றி, விரல்களை உதறிக்கொள்ள வேண்டும். அதைச் சொல்ல நான்தான் மறந்துவிட்டேன்.