எழுத்துக்கும் குரல் உண்டு

பள்ளி அறிவிப்புப் பலகையின் முன் நீங்கள் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் இரண்டு சுவரொட்டிகள் உள்ளன. ஒன்று, திடல்தடப் போட்டிக்கான அழைப்பு. மற்றொன்று, பணி ஓய்வு பெறும் ஆசிரியருக்கு மாணவர்கள் எழுதிய நன்றியுரை. இரண்டிலும் எழுத்துகள் தடித்து, வலப்பக்கம் சாய்ந்துள்ளன. முதலாவதைப் பார்த்ததும் ஓடத் தோன்றுகிறது. இரண்டாவதோ மலிவு விற்பனை விளம்பரம்போல் தெரிகிறது. சொற்களில் பிழையில்லை. தேர்ந்தெடுத்த எழுத்துருதான் பொருந்தவில்லை.

இவ்வகை எழுத்துருவுக்கு மூன்று பண்புகள் உண்டு. முதலாவது எளிமை. நாவல்களில் காணும் ஆங்கில எழுத்துகளின் முனைகளில் பெரும்பாலும் சிறு கோடுகள் இருக்கும். இதில் அவை இல்லை. அத்தகைய அச்செழுத்தை 1816ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் கேஸ்லான் என்பவரின் எழுத்து வார்ப்பகம் வெளியிட்டது. இரண்டாவது தடிமன். தடித்த எழுத்து தொலைவிலிருந்தே கண்ணில் படும். மூன்றாவது சாய்வு. 1501ஆம் ஆண்டில் வெனிஸ் நகரப் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸ் சாய்வெழுத்தில் ஒரு நூலை அச்சிட்டார். கையெழுத்தைப் பின்பற்றிய அந்தச் சாய்வு, கையடக்க நூல்களை அமைதியாகப் படிப்பதற்காகப் பிறந்தது. பின்னாளில் தடிமனுடன் சேர்ந்தபோது, அதே சாய்வு ஓட்டப்பந்தய வீரரின் உடலைப்போல வேகத்தைக் காட்டியது.

இந்த ஆற்றலை நன்கு அறிந்தவர் அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர். அவர் முன்பு சஞ்சிகைகளில் வடிவமைப்பாளராகப் பணிபுரிந்தவர். ஜெர்மானியரான பால் ரென்னர் உருவாக்கி, 1927இல் வெளிவந்த ஃபியூச்சுரா எழுத்துருவின் தடித்த, சாய்ந்த வடிவத்தை அவர் தம் படைப்புகளில் பயன்படுத்தினார். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின்மேல் சிவப்புப் பட்டை, அதில் வெள்ளை எழுத்து என்பது அவரது பாணி. பொருள்களை வாங்கிக் குவிப்பதே வாழ்க்கை என்னும் எண்ணத்தை அவரது 1987ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்று கேலி செய்தது. விளம்பரம் பேசும் குரலிலேயே விளம்பரத்தை அவர் கேள்வி கேட்டார்.

எனினும், உரத்த குரலில் நெடுநேரம் பேசினால் கேட்பவர் சோர்ந்துவிடுவார். அதுபோல, ஒரு பத்தி முழுவதும் தடித்த சாய்வெழுத்தில் இருந்தால் கண் களைத்துவிடும். எதை முதலில் பார்ப்பது என்பதும் புரியாது. தலைப்பு, போட்டியின் பெயர், ஒருவரி அழைப்பு ஆகியவற்றுக்கே இது ஏற்றது. இரங்கல் செய்திக்கும் மருந்து உண்ணும் முறையை விளக்கும் குறிப்புக்கும் இது பொருந்தாது.

தமிழில் இன்னும் கவனம் தேவை. ‘ண’, ‘ஞ’, ‘இ’ போன்ற எழுத்துகளில் சுழிகள் உள்ளன. கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் குறையும். சிறிய அளவில் அச்சிட்டால் அது அடைபட்டு, எழுத்தே கரும்புள்ளியாகிவிடும். ஆகவே, தமிழ்ச் சுவரொட்டியில் இவ்வகை எழுத்தைப் பெரிய அளவில் இடுவதும் எழுத்துகளுக்கிடையே போதிய இடம் விடுவதும் நல்லது.

அடுத்த முறை கணினியில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்முன், உங்கள் செய்தியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அதைத் திடலில் நின்று உரக்கக் கூவுவீர்களா, அருகில் அமர்ந்து மெதுவாகச் சொல்வீர்களா? கூவ வேண்டிய செய்திக்குத் தடித்த சாய்வெழுத்து துணை நிற்கும். ஆசிரியருக்குச் சொல்லும் நன்றிக்கு, நிமிர்ந்து நிற்கும் மெல்லிய எழுத்தே போதும்.