கிரீஸின் ரக்பி லீக் அணி: பரவிய கதைகளும் நடந்ததும்

இங்கிலாந்து 94, கிரீஸ் 4. 2022 அக்டோபர் 29 அன்று ஷெஃபீல்ட் நகரின் ப்ராமல் லேன் மைதானத்தில் நடந்த ரக்பி லீக் உலகக்கோப்பை ஆட்டத்தின் முடிவு இது. கிரீஸ் அணியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு இந்த எண்தான் தெரியும். மீதிப் பேருக்குத் தெரிந்தது நாளிதழ்கள் சொன்ன கதை: தடை செய்யப்பட்ட ஆட்டத்தை நள்ளிரவில் ஒளிந்து ஆடிய வீரர்கள், போலீஸுக்குத் தண்ணி காட்டிவிட்டு உலகக்கோப்பைக்கு வந்து சேர்ந்தார்கள் என்று. ஒன்று கேலிக்கு உதவுகிறது, மற்றது சினிமாவுக்கு உதவும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் மற்ற எல்லாவற்றையும் நம்ப வைத்துவிடுகிறது.

"ரக்பி என்றால் எல்லாம் ஒன்றுதானே?"

இல்லை. கொழும்பிலும் கண்டியிலும் பள்ளிகள் போட்டி போட்டு ஆடுவது ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர். கிரீஸ் உலகக்கோப்பைக்குப் போனது ரக்பி லீக்கில். அணிக்கு 13 பேர். இரண்டுக்கும் முட்டை வடிவப் பந்து ஒன்றுதான் என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு.

பிரிந்தது கூலிப் பிரச்சினையில். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் பஞ்சாலைகளிலும் வேலை பார்த்தவர்கள் ரக்பி ஆடினார்கள். ஆட்டத்துக்காக வேலையை விட்டால் அந்த நேரத்துக் கூலி போய்விடும். அதை ஈடுகட்டப் பணம் தரலாம் என்றன வடக்கத்திய கிளப்கள். பணம் வாங்கி ஆடுவது கனவான்களுக்கு அழகல்ல என்றது தலைமை. கூலி போனாலும் சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாதவர்கள் சொன்ன பதில் அது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் இருபதுக்கு மேற்பட்ட கிளப்கள் கூடித் தனி அமைப்பு கண்டன. பார்வையாளரை இழுக்க விதிகளை ஒவ்வொன்றாக மாற்றின. 1906இல் ஆட்கள் 13 ஆனார்கள்.

லீக்கின் உயிர்நாடி ஒரு சின்னச் செயல். பந்தோடு ஓடுபவரை எதிரணியினர் இரண்டு மூன்று பேர், கபடியில் ரைடரை மடக்குவது போலப் பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள். பிடி தளர்ந்ததும் அவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்பக்கம் உருட்டிவிட வேண்டும். அவருக்குப் பின்னால் குனிந்து நிற்பவர் அதை அள்ளி அடுத்தவருக்கு வீசுவார். அதற்குள் எதிரணி 10 மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். ஆறு பிடிக்குள் எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தால் அது ட்ரை, 4 புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் அது கோல், மேலும் 2. ஆறாவது பிடியிலும் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

உலகக்கோப்பையும் தனித்தனி. லீக்குக்கு 1954இல் பிரான்ஸில் தொடங்கியது. யூனியனுக்கு 1987இல்தான் வந்தது. யூனியன் உலகக்கோப்பையில் கிரீஸ் இதுவரை ஆடியதில்லை.

"கிரேக்க அரசு அந்த ஆட்டத்தையே தடை செய்திருந்தது"

செய்தித் தலைப்புக்கு இதைவிடச் சுவையான சரக்கு கிடைக்காது. ஆனால் 'ரக்பி லீக் ஆடுவது குற்றம்' என்று கிரேக்க நாடாளுமன்றம் சட்டம் எதுவும் போட்டுவிடவில்லை. நடந்தது அதைவிடச் சலிப்பூட்டும் சங்கதி, அலுவலகச் சிக்கல். நம் ஊரில் விளையாட்டுச் சங்கங்களின் வழக்குகளைப் பின்தொடர்ந்தவர்களுக்கு வாசனை உடனே பிடிபடும்.

கிரேக்க நடைமுறையில் ஒரு விளையாட்டுக்கு அரசு ஏற்கும் கூட்டமைப்பு ஒன்றுதான். அந்த ஏற்பு இருந்தால்தான் நகராட்சி மைதானம், அரசு நிதி, ஆட்டங்களுக்கான அனுமதி எல்லாம். முதலில் இருந்த ரக்பி லீக் கூட்டமைப்பு ஐரோப்பிய ரக்பி லீக் அமைப்போடு முட்டிக்கொண்டு அதன் உறுப்பினர் தகுதியை இழந்தது. நாட்டுக்குள் ரக்பி லீக்கின் பொறுப்பு நவீன பென்டத்லான் கூட்டமைப்பின் கைக்குப் போனது. அப்போது வாள்வீச்சு, நீச்சல், குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், ஓட்டம் என்று ஐந்து பிரிவுகளைக் கொண்டிருந்த பந்தயம் நவீன பென்டத்லான். அந்த ஐந்தில் எதிலும் பந்தே கிடையாது!

இதே காலத்தில் ஜார்ஜ் ஸ்டிலியானோஸ் தலைமையில் ஒரு புதிய சங்கம் கிளப்களைத் திரட்டியது. ஐரோப்பிய ரக்பி லீக் அமைப்பு அங்கீகரித்தது இந்தச் சங்கத்தைத்தான். ஆக, ஆட ஆள் வைத்திருந்த சங்கத்திடம் அரசு முத்திரை இல்லை. முத்திரை வைத்திருந்த கூட்டமைப்பிடம் சர்வதேச ஏற்பு இல்லை. இந்த இழுபறியில் சிக்கி நசுங்கியவர்கள் வீரர்கள்.

விளைவுகள் நிஜமானவை. உள்ளூர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸ் வந்து நிறுத்தியதாகச் செய்திகள் வந்தன. மைதானம் தருவதாகச் சொன்னவர்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கினார்கள். 2018இல் மால்டா அணியோடு ஏதென்ஸுக்கு அருகே ஆட வேண்டியிருந்தபோது, இடத்தை வெளியில் சொல்லாமல், நள்ளிரவை ஒட்டி ஆட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு நாட்டின் தேசிய அணி, சொந்த மண்ணில், விருந்தாளி அணியைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் மைதானம் தேடிய கதை அது. தகுதிச் சுற்றின் முக்கியமான ஆட்டங்களைச் சொந்த ஊர் ரசிகர்கள் பார்க்கவே முடியவில்லை. 2019 நவம்பரில் கிரீஸ் லண்டனில் ஸ்காட்லாந்திடம் தோற்றது. அடுத்து பெல்கிரேடில் செர்பியாவை 82–6 என்று நொறுக்கி உலகக்கோப்பைக்குள் நுழைந்தது.

2021இல் நடக்கவேண்டிய கோப்பை, கொரோனாவைக் காரணம் காட்டி ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விலகியதால் ஓராண்டு தள்ளிப்போனது. அந்தத் தாமதம் கிரீஸுக்கு ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு, 2022 ஆகஸ்டில், புதிய சங்கத்துக்கு அரசின் ஏற்பு கிடைத்தது.

'தடை' என்ற சொல்லை நான் ஏன் இவ்வளவு மறுக்கிறேன் என்றால், அது குற்றவாளியைத் தப்பவிடுகிறது. தடை என்றால் ஒரு கொடுங்கோல் சட்டம், ஒரு வில்லன், பிறகு விடுதலை. இங்கே வில்லன் ஒரு கோப்பு. அது ஒரு மேசையில் கிடந்தவரை ஆட்டம் முடங்கியது, நகர்ந்ததும் ஆட்டம் சட்டப்படியானது.

"பேருக்குத்தான் கிரீஸ், ஆடுவது முழுக்க ஆஸ்திரேலியர்கள்"

இதில் உண்மையின் பங்கு அதிகம். ரக்பி லீக்கில் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கு ஒருவர் ஆடலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கிரேக்கக் குடும்பங்கள் பெரும் எண்ணிக்கையில் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறின. மெல்பர்னில் குடியேறியவர்களின் பிள்ளைகள் ஆஸ்திரேலியக் கால்பந்துப் பக்கம் போனார்கள். சிட்னியின் மேரிக்வில், கோகரா போன்ற பகுதிகளில் வளர்ந்தவர்களுக்குத் தெருமுனையில் இருந்த ஆட்டம் ரக்பி லீக். கிரீஸில் பிறந்து குழந்தையாகவே சிட்னிக்கு வந்த ஜார்ஜ் பெப்போனிஸ், கேன்டர்பரி-பேங்க்ஸ்டவுன் அணிக்குத் தலைமை தாங்கி 1980இல் கோப்பையை வென்றார். ஆஸ்திரேலியத் தேசிய அணிக்கே கேப்டனாக இருந்தார். தொழிலில் மருத்துவர். அவர் காலத்தில் கிரீஸுக்கென்று ஓர் அணி இருந்திருந்தால் எந்தச் சட்டையை அணிந்திருப்பார் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

2022 அணியிலும் சிட்னி வாடை பலமாகவே இருந்தது. பயிற்சியாளர் ஸ்டீவ் ஜார்ஜாலிஸ் ஆஸ்திரேலிய லீக்கில் ஆடியவர். லாக்லன் இலியாஸ், பீட்டர் மமூசெலோஸ் இருவரும் அப்போது சவுத் சிட்னி அணிக்காரர்கள். ஆனால் 'முழுக்க' என்பது பொய். ரோட்ஸ் தீவின் நைட்ஸ், ஏதென்ஸின் ஏரிஸ் ஈகிள்ஸ், அட்டிகா ரைனோஸ் போன்ற கிளப்கள் அனுமதி இல்லாத ஆண்டுகளிலும் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்தன. அப்படி உள்ளூரில் ஆடி வந்தவர்களுக்கும் உலகக்கோப்பைக் குழுவில் இடம் கிடைத்தது.

வம்சாவளி வீரர்களை வைத்து ஆடுவதை ஏமாற்று வேலை என்பவர்கள் சமோவாவையும் டோங்காவையும் லெபனானையும் அப்படியே சொல்ல வேண்டியிருக்கும். அந்த அணிகளின் நட்சத்திரங்களும் பெரும்பாலும் சிட்னியிலோ ஆக்லாந்திலோ வளர்ந்தவர்கள்தான். புலம்பெயர்ந்தவரின் பேரன் பாட்டியின் ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொள்வதில் என்ன தவறு? எனக்கு உறுத்துவது வேறு. சிட்னிப் பையன்கள் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வந்து ஆடிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள், அந்த இடைவெளியில் ரோட்ஸில் ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு ஆடக் களம் இல்லை என்றால், அந்தத் தேசிய அணி வெறும் பயண ஏற்பாடாகச் சுருங்கிவிடும். கிரீஸ் விஷயத்தில் உள்ளூர்க் கிளப்கள் பிடிவாதமாக ஆடிக்கொண்டிருந்ததுதான் அந்த அணிக்கு அர்த்தம் கொடுத்தது.

"கிரேக்கர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது"

கிரேக்கர்களே சிரிக்கும் கதை இது. பழங்கால கிரீஸில் எபிஸ்கைரோஸ் என்றொரு பந்தாட்டம் இருந்தது. இரு குழுக்கள், நடுவே ஒரு கோடு, எதிரணியைத் தள்ளிக்கொண்டே பின்னால் கொண்டுபோவது என்று பொல்லக்ஸ் என்ற பழைய அகராதிக்காரர் விவரித்திருக்கிறார். அதிலிருந்து இன்றைய ரக்பிக்கு நேர்க்கோடு இழுப்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. ரக்பிக்கு இப்படிப் பாட்டன் தேடும் பழக்கம் புதிதுமல்ல. 1823இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் கால்பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதால்தான் ரக்பி பிறந்தது என்பார்கள். எல்லிஸ் 1872இல் இறந்துபோன பிறகே அந்தக் கதை அச்சில் வந்தது. ரக்பி பள்ளியின் பழைய மாணவர்கள் அதை விசாரித்து நிறுவ முனைந்தது 1895இல். வடக்கத்தியத் தொழிலாளிகளின் கிளப்கள் பிரிந்துபோன அதே ஆண்டு. ஆட்டம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை சூடு பிடித்த நேரத்தில் பிறப்புச் சான்றிதழ் தேடினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

"94–4 வாங்கும் அணிக்கு உலகக்கோப்பையில் என்ன வேலை?"

கிரீஸ் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. பிரான்ஸிடம் 34–12, சமோவாவிடம் 72–4, இங்கிலாந்திடம் 94–4. கடைசி ஆட்டத்தில் இங்கிலாந்து 17 ட்ரை அடித்தது. மார்க் ஸ்னெய்ட் மட்டும் 13 கோல்கள் உதைத்து, ஒரு ட்ரையும் சேர்த்து 30 புள்ளி எடுத்தார். மழுப்ப ஒன்றுமில்லை, சுத்தமான தோல்வி.

ஆனால் எண் இப்படி ஊதிப் பெருப்பதற்கு ஆட்டத்தின் விதியிலேயே ஒரு காரணம் உண்டு. கால்பந்தில் கோல் வாங்கிய அணி நடுக்கோட்டில் பந்தை வைத்துத் தொடங்குகிறது. ரக்பி லீக்கில் ட்ரை வாங்கிய அணி பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க வேண்டும். அதாவது அடித்தவனுக்கே பந்து திரும்பவும் போகும், அதோடு இன்னொரு ஆறு பிடி. தொழில்முறை அணியிடம் பந்து சிக்கிக்கொண்டால் எதிரில் நிற்பவர் தடுத்துத் தடுத்தே களைத்துப் போவார்கள். கடைசி இருபது நிமிடத்தில் புள்ளிகள் கொட்டும்.

இதே கோப்பையின் முதல் ஆட்டத்தில் சமோவாவை இங்கிலாந்து 60–6 என்று துவைத்தது. அந்தச் சமோவாதான் அரையிறுதியில் இங்கிலாந்தை 27–26 என்று வீழ்த்தி இறுதிக்குப் போனது. 2000 கோப்பையில் லெபனான் நியூசிலாந்திடம் 64–0 என்று தோற்றபோதும் இதே கேள்வியைக் கேட்டார்கள். 17 ஆண்டு கழித்து லெபனான் பிரான்ஸை வென்று காலிறுதிக்கு வந்து, டோங்காவிடம் இரண்டே புள்ளியில், 24–22 என்று தோற்றது. அதே 2000இல் ஆஸ்திரேலியாவிடம் 110–4 வாங்கிய ரஷ்யாவின் பெயரும் நினைவுக்கு வருகிறது. அந்த அணி லெபனான் போல எழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய தோல்வி தானாக யாரையும் வளர்த்துவிடாது. தொடர்ந்து ஆட ஆட்டங்கள் கிடைக்க வேண்டும்.

கிரீஸுக்கு இனி அதுதான் கேள்வி. மைதானத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது, பெரிய மேடை கிடைப்பது கடினமாகிவிட்டது. 2022இல் 16 அணிகள் ஆடிய கோப்பை, 2026 போட்டியில் 10 அணிகளாகச் சுருக்கப்பட்டது. அந்தப் பத்தில் கிரீஸ் இல்லை.