சோம்பேறி என்றார்கள், ஹீமோகுளோபின் 8.4

படிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று ஒரு பெண்பிள்ளை சொல்லட்டும், எங்கள் மதுரை திருநகரில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். செல்போனைப் பிடுங்கி வை என்பார்கள், நாலு மணிக்கு எழுந்திரு என்பார்கள், வல்லாரை மாத்திரை வாங்கிக் கொடு என்பார்கள். எனக்கு எல்லாம் கிடைத்தது. ரத்தத்தைப் பார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேறி இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறேன். அந்தத் தைரியத்தில், கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

கால அட்டவணை எப்படிப் போடுவது, பழைய வினாத்தாளை எங்கே எடுப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் புத்தகங்கள், படித்ததை மூடிவைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்ப்பது, வாரம் ஒரு மாதிரித் தேர்வு. அவ்வளவுதான். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

என் கதை வேறு இடத்தில் கெட்டது. பயிற்சி மையத்தில் காலை ஏழு மணிக்கு வகுப்பு. வீட்டில் இட்லி வேகும் முன்பே பெரியார் நிலையத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அதனால் ஒரு டம்ளர் டீ, இரண்டு ரஸ்க். இடைவேளையில் இன்னொரு டீ, ஒரு வடை. மதியம் சோறு சாப்பிட்ட கையோடு அம்மா போடும் டீ. இரவு கண் விழிக்க இன்னும் இரண்டு. நான்கு மணி நேரம்தான் தூங்கினேன் என்று பேட்டி கொடுக்கும் வெற்றியாளர்களை நம்பி, நானும் அப்படியே செய்தேன். வகுப்பில் தலை சாய்ந்தால் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "இவ்வளவு தூக்கம் வந்தா வீட்லயே இருந்திரும்மா, அப்பா காசாவது மிஞ்சும்" என்று அறுபது பேர் முன்னால் சொன்னார். சிரித்தவர்களின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

2022 ஜூலை 24 அன்று தேர்வு. மூன்று மணி நேரம், 200 கேள்விகள். தமிழ்ப் பகுதி எப்படியோ ஓடிவிட்டது. கணக்குக்கு வந்தபோது வரியைப் படிக்கிறேன், முடிக்கும்போது ஆரம்பம் மறந்துவிடுகிறது. தனிவட்டி, பத்தாவது படிக்கும் பையன் போடுகிற கணக்கு. அறையில் காற்றே இல்லாததுபோல் இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், காலை எழும்போதே காதில் 'ஙொய்' என்பதும் மாதக்கணக்காக இருந்ததுதான். சித்தப்பா சொன்னார்: "உடம்பு வளையலை, வேறென்ன?" நான் ஒல்லியும் கிடையாது. அதனால் ரத்தசோகை என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை.

அதைக் கண்டுபிடித்ததுகூட நான் இல்லை. அப்பத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன். டாக்டரம்மா அப்பத்தாவை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "பச்சரிசி திம்பியா?" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்பத்தாதான் பதில் சொன்னது: "மூட்டையையே காலி பண்றா தாயி. கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டப் போகுதுன்னு நானும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்."

அரிசி, சாக்பீஸ், சாம்பல் என்று வாய் தேடுவது இரும்புச்சத்துக் குறைவோடு வரும் அறிகுறி என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 வந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதைச் சுமந்து போகும் ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தால் தனிவட்டி எங்கே நிற்கும்? மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்பதை நான் வீட்டில் சொன்னதே இல்லை. அதையும் டாக்டரம்மாதான் கேட்டு வாங்கினார். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுத்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தோழிகளோடு சேர்ந்து ஜன்னல் வழியே எறிந்தவள் நான் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

இதில் நான் தனி ஆள் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பயிற்சி மையத்தில் பெண்கள் பக்கம் பெஞ்சுக்கு நாலு பேர் என்றால் அதில் இரண்டு பேர். ஆசிரியர் கண்ணுக்கு அவர்கள் தூங்குமூஞ்சிகள்.

நீங்களும் சாப்பாட்டோடு டீ குடிக்கும் வீட்டில்தான் இருப்பீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பில், உடம்பு எடுத்துக்கொள்ளும் பங்கை டீ பாதிக்கும் மேல் குறைத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, பாலோடு போடாதீர்கள், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். வயிறு குமட்டும், மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் சில மாதங்கள் டாக்டர் சொல்லும் வரை தொடர வேண்டும். பெரியம்மா வீட்டிலிருந்து பீட்ரூட்டும் மாதுளையும் கூடைகூடையாக வந்தன. சிவப்பாக இருப்பதிலெல்லாம் இரும்பு கிடையாது. எனக்குக் கைகொடுத்தது சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். சைவக்காரர்கள் முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலைச் சுண்டலில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடலாம்.

காலைச் சாப்பாட்டுக்காகவே பயிற்சி மையத்தை விட்டேன். வீட்டில் பெரிய சண்டை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. வெறும் வயிற்றில் பாடம் ஏறாது என்று அரசாங்கமே ஒத்துக்கொண்ட செய்தியை அப்பாவிடம் வாசித்துக் காட்டித்தான் ஜெயித்தேன். அந்தக் கரிசனம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, மேலே நம் பாடு. இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குமேல் கிளம்பி, புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு அங்கே போய் உட்கார்ந்து படித்தேன். இரவு பத்தரைக்கு விளக்கை அணைத்தேன். 2024 ஜூன் 9 அன்று எழுதிய தேர்வில் கணக்குப் பகுதியை முதலில் போட்டேன். தான் திட்டியதால்தான் நான் தேறினேன் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வாரத்திலேயே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள். பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் அங்கே காசு வாங்குவதில்லை.