இழந்த பதிவுகளை மீட்டல்

வரதய்யபாளையம் வட்டாரத்தில் ஓர் ஊழியர் கிணறுகளின் நீர்மட்ட அளவுகளைக் கணிப்பொறியில் குறித்து வருவதாகக் கொள்வோம். மே மாத அளவை நவம்பரில் எடுக்க இயலாது. குறிப்பு அழிந்தால் அவ்வாண்டின் கோடைச் சான்றே அழிந்ததாகும்.

இவ்விழப்பைத் தடுக்க உதவுவது 'கிட்' என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறை. லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 2005ஆம் ஆண்டில் லினக்ஸ் பணிக்காக இதனை இயற்றினார். 'கமிட்' கட்டளையால் உறுதி செய்த ஒவ்வொரு நிலையையும் இது தனி அடையாளக் குறியுடன் சேமிக்கிறது. 'கிளை' என்பது கடைசி நிலையைச் சுட்டும் பெயரே. தவறுதலாகப் பழைய நிலைக்குத் திரும்பினால், இடம் பெயர்வது அப்பெயரே. பின்னர் உறுதி செய்தவை உள்ளேயே இருக்கும்.

மீட்கும் முறை வருமாறு:

1. 'ரெஃப்லாக்' கட்டளையை இடுக. அண்மையில் நின்ற நிலைகள், புதியது முதலாக வரிசையாய்த் தோன்றும்.

2. வேண்டிய நிலையின் அடையாளக் குறியைக் கண்டறிக.

3. அக்குறியிலிருந்து புதிய கிளை அமைத்து, அளவுகளைச் சரிபார்க்க.

காலந்தாழ்த்தலாகாது. எக்கிளையிலும் சேராத நிலையைப் பற்றிய குறிப்பு, இயல்பான அமைப்பில் 30 நாட்களே காக்கப்படும். பின்னர்த் துப்புரவில் அந்நிலையும் நீங்கக்கூடும். இக்குறிப்பேடு அந்தந்தக் கணிப்பொறியில் மட்டுமே உள்ளது. பிற நகல்களில் தேடிப் பயனில்லை.

'ஆட்' கட்டளையால் சேர்த்து, உறுதி செய்யாது விட்டவை 'எஃப்எஸ்சிகே' கட்டளையால் கிடைக்கலாம். அதுவும் செய்யாதவற்றைக் கிட் அறியாது. ஆதலின், அன்றன்றைய அளவுகளை அன்றே உறுதி செய்து, நகலொன்றை வேறிடத்தில் வைத்தல் வேண்டும்.