வகுப்பில் வரைந்த சுவர்

கேள்வி: கட்டடக்கலை மாணவர்கள் பூங்கா, சதுக்கம் என்று வகுப்புக்காக வரையும் திட்டங்களில் ஏதாவது நிஜமாகக் கட்டப்பட்டதுண்டா?

பதில்: உண்டு. வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரை வரைந்தபோது மாயா லின், யேல் பல்கலைக்கழக மாணவி, வயது 21. சுவர் அமையவிருந்த புல்வெளியை நண்பர்களோடு நேரில் போய்ப் பார்த்தார். வகுப்புக்காகப் போட்ட திட்டத்தையே 1981-இல் தேசியப் போட்டிக்கு அனுப்பினார். வந்து குவிந்தவை 1,421 திட்டங்கள். பெயரை மறைத்து, எண்ணை மட்டும் வைத்து நடுவர்கள் லின்னின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சிலை இல்லை, தூண் இல்லை. புல்வெளி மெல்லச் சரிந்து இறங்குகிறது. ஓரத்தில் கணுக்கால் உயரத்தில் தொடங்கும் கறுப்புக் கிரானைட் சுவர், நடுவில் சுமார் 3 மீட்டருக்கு உயர்ந்துவிடுகிறது. அதில் பொறித்த, போரில் இறந்தவர்களின் பெயர்கள் அகர வரிசையில் இல்லை. உயிர் போன தேதி வரிசையில் இருக்கின்றன. பளபளப்பான கல்லில், படிப்பவரின் முகமும் அந்தப் பெயர்களுக்கு நடுவே தெரிகிறது.

இந்த வடிவத்துக்கு எதிர்ப்பும் பலமாகக் கிளம்பியது. ஆனாலும் 1982 நவம்பரில் சுவர் திறக்கப்பட்டது. எதிர்த்தவர்களைச் சமாதானப்படுத்த, 1984-இல் மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையும் அருகில் வந்தது.

வகுப்பில் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது 'பி' கிரேடு. கிரேடு போட்ட பேராசிரியரும் அதே போட்டியில் கலந்துகொண்டு தோற்றார்!