கோணியிலிருந்து சேணம் வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் கடிதமும் குதிரைக்குட்டியின் படங்களும் வந்து சேர்ந்தன. அதை அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கி, கீழ்புத்துப்பட்டு வரை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறீர்கள். அந்தப் பயணத்துக்குப் பிறகும் அது இவ்வளவு தெளிவாக நிற்கிறது என்றால் நல்ல குட்டிதான். காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியில் தொட்டுக்கொள்வதைப் பார்த்தால் மார்வாரி இனமோ கத்தியவாரி இனமோ கலந்திருக்கும். பொங்கலன்று சேணம் போட்டு ஏறிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஏன் வேண்டாம் என்றும், அதுவரை என்ன செய்ய வேண்டும் என்றும் விரிவாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

விற்றவர் நாலு வயது என்று சொன்னாராம். நீ அனுப்பிய வாய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்வரிசையில் நடுவில் இருக்கிற இரண்டு பல் மட்டும் அகலமாக, லேசாக மஞ்சள் ஏறி இருக்கின்றன. அவற்றை ஒட்டிய பற்கள் இன்னும் சின்னதாக, வெள்ளையாக, ஈறுக்குப் பக்கத்தில் குறுகி இருக்கின்றன. அவை பால்பற்கள். குதிரைக்கு நடுப்பல் இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும்; அடுத்த ஜோடி மூன்றரையில்; ஓரத்து ஜோடி நாலரையில். ஆகவே உன் குட்டிக்கு இப்போது மூன்று வயதுதான் இருக்கும். கால்நடை மருத்துவரிடமும் காட்டி உறுதி செய்துகொள். புதுச்சேரி குரும்பாபேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குத் தூரம் இல்லை.

வயதை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுவது எலும்புக்காக. எலும்பின் முனையில் குருத்தெலும்பாக ஒரு வளர்ச்சிப் பகுதி இருக்கும், அது இறுகி எலும்பானால்தான் அந்த இடம் வளர்ந்து முடிந்தது என்று பொருள். முன்னங்கால் மூட்டுக்கு மேலே அது இரண்டரை வயது வாக்கில் இறுகிவிடும். முதுகெலும்பில்தான் கடைசியாக இறுகும், அதற்கு ஐந்து வயதுக்கும் மேல் ஆகும். நாம் உட்காருகிற இடமே கடைசியில் முற்றுகிறது. பந்தயக் குதிரைகள் மேல் இரண்டு வயது நிறையும் முன்பே ஆள் ஏறுகிறார்களே என்று நீ கேட்கலாம். ஏறுகிறார்கள். அது பந்தயத் தொழிலின் அவசரம், உனக்கு அந்த அவசரம் இல்லை. நடுப்பல்லை அடுத்த பால்பற்கள் விழுந்து புதுப்பல் வெளியே வரட்டும், அடுத்த ஆடி வாக்கில் பார்ப்போம். அப்போதும் சில நிமிடம், நடை மட்டும். ஓட்டமெல்லாம் நாலு வயதுக்கு அப்புறம்.

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. செய்ய வேண்டிய வேலை முழுக்க இந்த மாதங்களில்தான் இருக்கிறது. நீ முதல் முறை ஏறுகிற அன்று குட்டிக்குப் புதிதாக இருக்க வேண்டியது உன் எடை ஒன்றுதான். சேணம், வார், கடிவாளம், உன் குரல், கூட நிற்கிற ஆள், நடக்கிற இடம் எல்லாம் அதற்குள் பழகிப் பழசாகியிருக்க வேண்டும். குதிரை ஆளைத் தூக்கி எறிகிற கதைகளில் பெரும்பாலானவை, நாலைந்து புதுச் சங்கதிகளை ஒரே நாளில் அதன் மேல் சுமத்திய கதைகள்.

முகக்கயிற்றில் இருந்து ஆரம்பி. குட்டியின் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று நட. நீ நின்றால் அது நிற்க வேண்டும், பின்னால் போகச் சொன்னால் ஓர் அடி பின்னால் போக வேண்டும். கயிற்றை லேசாக இழு. அது ஓர் அங்குலம் அசைந்த உடனே தளர்த்து. இதில்தான் முழு வித்தையும் இருக்கிறது: இழுக்கிறபோது குதிரை எதையும் கற்பதில்லை, விடுகிற நொடியில்தான் "ஓ, இதைத்தான் கேட்டார்கள்" என்று அதற்குப் பிடிபடுகிறது. விடுவதற்குத் தாமதித்தால் அது தவறானதைக் கற்றுக்கொள்ளும். வலுவைக் கூட்டாதே, உன் விரலின் வேகத்தைக் கூட்டு. ஒரு நாளைக்குக் கால்மணி நேரம் போதும். நன்றாகச் செய்த உடனே முடித்துவிடு.

பிறகு ஊரைக் காட்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்துக் குதிரைவீரர் செனோபன் குதிரைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குட்டியைக் கூட்டத்துக்கு நடுவே நடத்திச் செல்ல வேண்டும், எதைக் கண்டு மிரள்கிறதோ அதை அடிக்காமல் அமைதியாகப் பழக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார். இதற்கு உங்கள் ஊரை விட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலுக்கு வேண்டுதலுக்கு வருகிற வண்டிகள், பம்பைச் சத்தம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் பேருந்துகள். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டாதே. கூட்டமில்லாத நாளில் காட்டோரம், பிறகு சாலையிலிருந்து தள்ளி, பிறகு கொஞ்சம் கிட்டே. மரக்காணம் பக்கம் உப்பளங்களுக்குக் கூட்டிப்போனால் உப்புக் குவியல் மேல் மூடிய தார்ப்பாய் காற்றில் படபடக்கும் பார், அது குதிரைக்குப் பெரிய பூதம். குட்டி நின்றுவிடும். தலை உயரும், காது இரண்டும் அந்தப் பக்கம் விறைக்கும், மூக்குத்துளை அகலும். இழுக்காதே, தட்டாதே. கயிறு தளர்வாக இருக்கட்டும். அது பார்த்து முடித்து, கழுத்தைத் தாழ்த்தி, மூச்சை ஒரு முறை பலமாக வெளியே விடும்வரை நில். விட்டதும் திரும்பி வந்துவிடு. மறுநாள் இன்னும் பத்தடி கிட்டே போகலாம். இடப்பக்கம் பார்த்ததை வலப்பக்கமும் காட்டு. குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. பின்னாலிருந்து போகும்போது பேசிக்கொண்டே போ.

தீனியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் மணல். தரையில் புல்லைப் போட்டால் மணலும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும், குடலில் தேங்கி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் வயிற்றுவலி அதற்கு உயிராபத்து. தொட்டியில் போடு, தொட்டிக்கு அடியில் ரப்பர் பாய் விரி. வியர்வையில் குதிரைக்கு நம்மை விட அதிகமாக உப்பு போகும், ஆகவே தினம் கொஞ்சம் கல்லுப்பைத் தீனியில் கலந்து கொடு, உன் குட்டிக்கு 20 கிராம் போதும். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

தீனியும் கவனிப்பும் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. இந்தச் சோழமண்டலக் கரைக்குக் குதிரை கப்பலில் வந்தது பழைய கதை. பட்டினப்பாலையே அதைச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் கடல் வழியே குதிரை வாங்குவதையும், வருட முடிவில் நூறுகூட மிஞ்சாததையும் எழுதிவைத்தார். சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்களாம், வைத்தியம் தெரிந்தவர்களும் இல்லையாம். பணம் இருந்தது, பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. பார்த்துக்கொள்ள முதலில் குதிரையின் பேச்சு புரிய வேண்டும். உங்கள் ஊர் மறுவாழ்வு முகாமில் இருக்கிற ஈழத்துப் பெரியவர்களில் யாருக்காவது நெடுந்தீவு தெரிந்திருந்தால் கேட்டுப் பார். அங்கே ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வம்சம் கூட்டமாக வெட்டவெளியில் திரிகிறது. கட்டாத குதிரை ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கிறது, ஒரு காதை மடக்கி இன்னொன்றை எப்படி நகரச் சொல்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் சொன்னால் நிறையத் தெரியும்.

இனி முதுகுக்கு வருவோம். சேணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு பழைய சணல் கோணி எடு. முதலில் முகர்ந்து பார்க்கக் கொடு. கழுத்தில் தேய், தோளில் தேய், முதுகில் வை, எடு. வைப்பதை விட எடுப்பது முக்கியம், குட்டி அமைதியாக நிற்கும்போதுதான் எடுக்க வேண்டும். விலாவில், வயிற்றுக்கு அடியில், முழங்கைக்குப் பின்னால் எல்லாம் தடவு. வார் கட்டுகிற இடம் அதுதான், அங்கே பல குதிரைகளுக்குக் கூச்சம். கோணி நழுவிக் காலடியில் விழுந்தாலும் அசையாமல் நிற்கிற நாள் வரும். அதற்கு அப்புறம் மெத்தை, அதன் பிறகு சேணம். அங்கவடிகளைக் கழற்றிவிட்டு வை.

சேணம் எங்கே உட்காருகிறது என்று பார்க்கத் தெரிந்தால் குதிரைக்கு வரும் தொல்லையில் பாதி வராது. தோள்பட்டை எலும்பு முன்னும் பின்னும் அசையும், சேணம் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். குதிரைக்குப் பதினெட்டு ஜோடி விலா எலும்பு. கடைசி விலாவைத் தடவிக் கண்டுபிடி, அதைத் தாண்டிப் பின்னால் சேணம் போகக் கூடாது, அங்கே தாங்குவதற்கு எதுவும் இல்லை. பிடரி முடிகிற இடத்து மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் மூன்று விரல் நுழைய வேண்டும். கடற்கரையில் சவாரிக்கு விடுகிற ஒரு குதிரையை எனக்குத் தெரியும். கருஞ்சிவப்பு உடம்பு, ஆனால் அந்த மேட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை முடி. புண் ஆறிய இடத்தில் நிறமில்லாமல் முளைத்த முடி அது. சேணத்தைத் தூக்கிக்கொண்டு ஆள் வருவதைப் பார்த்தாலே முதுகைத் தாழ்த்தி ஒதுங்கும். அதைப் பொல்லாத குதிரை என்று எல்லாரும் சொன்னார்கள். வலித்ததைச் சொல்ல அதற்கு வேறு வழி இல்லை.

வாரை ஒரே இழுப்பில் இறுக்காதே. ஒரு துளை, நாலு அடி நடை. இன்னொரு துளை, மறுபடி நடை. ஆனால் தொளதொளவென்றும் விடாதே. குட்டி துள்ளும்போது சேணம் வயிற்றுக்கு அடியில் புரண்டுவிட்டால் அந்தப் பயம் வருடக்கணக்கில் போகாது. முதல் தடவை துள்ளினால் துள்ளட்டும். நீளக் கயிற்றில் வட்டமாக விடு, திட்டாதே, தானாக அடங்கும்.

கடிவாளத்துக்கு முன் மருத்துவரை வாய் பார்க்கச் சொல். கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் சில குதிரைகளுக்குக் குட்டிப் பல் ஒன்று இருக்கும், இரும்பு அதில் இடித்தால் தலையை உதறும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத இடம் உண்டு. அங்கே கட்டைவிரலை வைத்தால் வாய் திறக்கும், வழவழப்பான இரும்பை மெதுவாக உள்ளே விடு, கொஞ்சம் வெல்லம் தடவியிருந்தால் இன்னும் நல்லது. முள் வைத்த கடிவாளம் விற்கிறார்கள், யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. 1965ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்பு விதிகளிலேயே அது தடை செய்யப்பட்டது. முள்ளால் நிறுத்துகிற குதிரை வலிக்குத்தான் நிற்கிறது, வலி பழகிவிட்டால் அதற்கும் நிற்காது.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டு நீளமான லகான்களைக் கடிவாளத்தில் பூட்டி, குட்டிக்குச் சற்றுப் பின்னால், உதை எட்டாத தூரத்தில், ஒரு பக்கமாக நடந்தபடி ஓட்டு. குதிரைவண்டிக்குப் பழக்குகிறவர்களுக்கு இது தெரிந்த வேலை. இடம், வலம், நில், நட எல்லாம் ஆள் ஏறும் முன்பே இதில் கற்றுவிடும். கடலோரத்தில் அலை நனைத்து இறுகிய மணலில் ஓட்டு. மேலே காய்ந்த ஆழமணலில் கால் புதையும், தசைநார் பிசகும். உப்பள வரப்பு ஈரமானால் வழுக்கும், அங்கே வேண்டாம். வெயில் ஏறுமுன் முடித்துவிடு.

எடைக் கணக்கும் பார்த்துக்கொள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை சென்டிமீட்டரில் அள. அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 155, நீளம் 148 என்றால் ஏறக்குறைய 300 கிலோ. வளர்ந்த குதிரைக்கே தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது, சேணத்தையும் சேர்த்து. இளசுக்கு அதற்கும் குறைவாக. ஆகவே முதலில் நீதான் ஏற வேண்டும், உன் அண்ணன் ஏறக் கூடாது. அவன் கயிறு பிடிக்கட்டும்.

அந்த நாளில் உயரமான ஒரு பெட்டி மேல் நில். முதலில் வயிற்றால் சேணத்தின் மேல் குறுக்கே சாய்ந்து இறங்கு. இரண்டு பக்கமும் இப்படிப் பல நாள் செய்து குட்டிக்குச் சலிப்பே வந்த பிறகு காலைத் தூக்கிப் போடு. உடனே நிமிராதே, கழுத்தோடு தாழ்ந்து இரு. தனக்குப் பின்னால் திடீரென்று உயரமாக ஒன்று எழுந்தால் எந்தக் குதிரையும் பதறும். மெல்ல நிமிர், கழுத்தைத் தடவு, பேசு. அண்ணன் நாலு அடி நடத்தட்டும். குட்டி தள்ளாடும், முதுகில் அசைகிற பாரத்தோடு எப்படிக் கால் வைப்பது என்று அது தேடுகிறது. லகானைப் பிடித்துத் தொங்காதே, பிடரியைப் பிடித்துக்கொள். ஐந்து நிமிடம் போதும், இறங்கிவிடு.

இறங்கியதும் சேணத்தை எடுத்து முதுகைப் பார். வியர்வை ஒரே சீராக இருக்க வேண்டும். நனைந்த இடத்துக்கு நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அங்கே விரலால் அமுக்கு, குட்டி முதுகைத் தாழ்த்தினால் சேணத்தை மாற்று. மறுநாள் ஓய்வு.

முதல் முறை ஏறுவதற்கு முன் ஒரு காலைநேரம் ஆரோவில் பக்கத்து ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளிக்கு அப்பாவைக் கூட்டிப்போகச் சொல், இளங்குதிரைகளைக் கையாள்கிறவர்களை வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வா. கொக்கி போட்ட தலைக்கவசம் இல்லாமல் பெட்டி மேலே கூட ஏறாதே. குதிரைக்கு ரணஜன்னி எளிதில் வரும், தடுப்பூசி போட்டாயிற்றா? போட்டிருந்தால் தேதியையும், நெஞ்சுச் சுற்றளவையும், பக்கத்துப் பல் ஆட ஆரம்பித்ததும் அதையும் எழுது.

அன்புடன்,
மாமா